நேரிய பிழைப்பும் எழுபத்திரண்டு மணிநேரப் பயிற்சியும்

பெர்மாகல்ச்சர் என்பது இயற்கையின் போக்கை ஒட்டி நிலத்தையும் வாழ்விடத்தையும் வடிவமைக்கும் முறை. அதன் வடிவமைப்புப் பயிற்சிக்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு 72 மணி நேரம். பெரும்பாலும் இரண்டு வாரம் ஓரிடத்தில் தங்கிப் படிப்பார்கள். சில இடங்களில் வார இறுதிகளில் பிரித்து நடத்துவார்கள். மண், நீர், காற்று, மரம், தட்பவெப்பம், வீடு, கழிவு, ஊர்ப் பொருளாதாரம் என்று பாடங்கள் நீளும். கடைசியில் பயில்பவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிலத்துக்குத் திட்ட வரைபடம் போட்டு எல்லோர் முன்னும் விளக்க வேண்டும். விளக்கி முடித்தால் சான்றிதழ் கைக்கு வரும்.

இந்தச் சான்றிதழால் பிழைக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. அப்படிப் பிழைப்பது நேரிய பிழைப்பா என்பது இன்னொன்று. முதலாவது சந்தையைப் பற்றியது, இரண்டாவது அறத்தைப் பற்றியது. ஒரு தட்டச்சுப் பயிற்சியிலோ ஓட்டுநர் பயிற்சியிலோ இரண்டாவது கேள்வி எழுவதில்லை. பெர்மாகல்ச்சரில் எழுகிறது. காரணம், இந்தப் பயிற்சியின் முதல் பாடமே அறம்தான்: நிலத்தைப் பேணுதல், மக்களைப் பேணுதல், தேவைக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுத்தல். இம்மூன்றையும் ஏற்றுக்கொண்ட பிறகே மண்ணுக்கும் நீருக்கும் பாடம் நகரும். அறத்தை முன்வைத்துத் தொடங்கும் கல்வியை அந்த அறத்தாலேயே அளப்பதுதான் முறை.

பெர்மாகல்ச்சரை உருவாக்கிய இருவரில் மூத்தவர் பில் மோலிசன், 1928இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஸ்டான்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டுக் குடும்பத்தின் ரொட்டிக் கடைக்கு வந்தார். பிறகு சுறா பிடித்தார், காட்டில் மரம் வெட்டினார், ஆலையில் வேலை பார்த்தார், டிராக்டர் ஓட்டினார். வனவிலங்கு ஆய்வுப் பணியில் சில ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது நடுவயதில். 1970களின் நடுவில் அவரைச் சந்தித்த இளம் மாணவர் டேவிட் ஹோம்கிரன். இருவரும் சேர்ந்து எழுதிய ‘பெர்மாகல்ச்சர் ஒன்று’ 1978இல் வெளிவந்தது. அதன்பின் இருவர் வழியும் பிரிந்தது. மோலிசன் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு நாடு நாடாகப் போய்க் கற்பிக்கத் தொடங்கினார். ஹோம்கிரன் ஆஸ்திரேலியாவிலேயே ஹெப்பர்ன் என்ற சிற்றூரில் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் இடத்தில் வீடும் தோட்டமும் அமைத்து, செய்து பார்த்ததை வைத்து எழுதினார். அவருடைய பன்னிரண்டு கொள்கைகள் நூலாக வந்தது 2002இல்தான். கற்பித்துப் பிழைப்பது, மண்ணில் பிழைப்பது என்ற இரண்டு வழிகளும் இந்த இயக்கத்தின் தொடக்கத்திலேயே இரண்டு ஆட்களாக நின்றன.

1981இல் மோலிசனுக்கு ஒரு விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் யாக்கோப் ஃபான் உக்ஸ்குல் என்பவர் தம் அஞ்சல் தலைச் சேகரிப்பை விற்று அந்த விருதை நிறுவியிருந்தார். ‘ரைட் லைவ்லிஹுட்’ என்ற அதன் பெயர் புத்தரின் எட்டுறுப்பு மார்க்கத்தில் ஐந்தாவதாக வரும் ‘சம்மா ஆஜீவம்’ என்பதிலிருந்து எடுத்தது. நேரிய பிழைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். கடவுளையோ சடங்கையோ பயிற்சிக்குள் கொண்டுவர விரும்பாத ஒருவருக்கு ஒரு சமய நெறியின் பெயர் தாங்கிய விருது போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரே பெர்மாகல்ச்சர் பயிற்சியை அளக்க ஓர் அளவுகோலையும் தருகிறது.

பாலி நூல்களில் நேரிய பிழைப்புக்கான விளக்கம் பெரும்பாலும் எதிர்மறையாகவே வருகிறது. இல்லறத்தார் செய்யக்கூடாத வாணிபங்கள் ஐந்து என்று அங்குத்தர நிகாயம் பட்டியலிடுகிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. ஐந்தாவது உழவுக்கு நேராகப் பொருந்துகிறது. பூச்சிக்கொல்லி விற்பவர், தெளிப்பவர், தெளிக்கப் பரிந்துரைப்பவர் என்று ஒரு முழுத் தொழில் வரிசையே இந்தச் சொல்லுக்குக் கீழே வந்து நிற்கும். வேளாண் பட்டம் பெற்ற இளைஞர் பலருக்குக் கண்முன் இருக்கும் வேலை, உர, மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதி வேலைதான். அதைத் தவிர்க்க விரும்பும் ஒருவருக்கு நஞ்சில்லா வேளாண்மைப் பயிற்சி மாற்று வழியாகத் தெரிவது இயல்பு. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் நடந்ததும் இந்தத் திசையில்தான். வேளாண்மையில் பட்டம் பெற்று, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றி, அங்கே செய்வது மானாவாரி உழவனுக்கு உதவாது என்று கண்டு வெளியேறியவர் அவர். பின்னாளில் கரூர் மாவட்டம் கடவூர் அருகே ‘வானகம்’ என்ற பயிற்சிப் பண்ணையை அமைத்தார்.

நஞ்சைத் தவிர்த்தால் போதும் என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். மஜ்ஜிம நிகாயத்தின் 117ஆம் சூத்திரம் அப்படி முடிய விடுவதில்லை. எதை விற்கிறோம் என்பதைத் தாண்டி, எப்படி ஈட்டுகிறோம் என்று அது கேட்கிறது. ஏமாற்றுதல், இச்சகம் பேசுதல், குறிப்புக் காட்டி வாங்குதல், பிறரை இழித்துப் பேசித் தன்னை உயர்த்துதல், ஆதாயத்தைக் காட்டி மேலும் ஆதாயம் தேடுதல் ஆகிய ஐந்தும் தவறான பிழைப்பு. பொருள் தூய்மையானதாக இருந்தாலும் இந்த ஐந்தில் ஒன்று புகுந்தால் பிழைப்பு கெடும். பயிற்சி விளம்பரங்களை இந்தப் பட்டியலோடு வைத்துப் படித்தால் பல விளம்பரங்கள் சங்கடப்படும். கால் ஏக்கரில் குடும்பமே வாழலாம், இரண்டு வாரத்தில் வாழ்க்கை மாறும், இரசாயன விவசாயி எல்லாம் அறிவிலி என்பன போன்ற பேச்சுகள் ஐந்தில் குறைந்தது மூன்றையாவது தொடுகின்றன.

கற்பித்தலுக்குக் காசு வாங்கலாமா என்பதற்கும் பாலி நூல்களில் ஒரு கதை உண்டு. மகத நாட்டில் கசி பாரத்துவாசன் என்ற அந்தணன் ஐந்நூறு ஏர் பூட்டி உழுதுகொண்டிருக்கிறான். உழவர்களுக்குச் சோறு பரிமாறும் நேரம். புத்தர் பிச்சைக்கு வந்து நிற்கிறார். உழுது விதைத்து உண்கிறேன், நீயும் அப்படிச் செய் என்கிறான் அந்தணன். தானும் உழவன்தான், நம்பிக்கை விதை, தவம் மழை என்ற பொருளில் புத்தர் பாட்டாகப் பதில் சொல்கிறார். மகிழ்ந்துபோன அந்தணன் பெரிய வெண்கலத் தட்டில் பால்சோறு கொண்டுவந்து நீட்டுகிறான். புத்தர் வாங்க மறுக்கிறார். பாட்டுச் சொல்லிப் பெற்றது தான் உண்ணத் தகாதது என்பது அவர் சொல்லும் காரணம். யாருக்கும் உதவாத அந்தச் சோற்றைத் தண்ணீரில் கொட்டியபோது அது காய்ந்த இரும்புபோலச் சீறியதாம்.

மனுநூலும் இதே பக்கம் சாய்கிறது. கூலி பேசிக் கற்பிப்பவனையும் கூலி கொடுத்துக் கற்பவனையும் சிராத்தப் பந்தியில் சேர்க்கக் கூடாதவர் வரிசையில் வைக்கிறது. குரு விலை சொல்லக் கூடாது, சீடன் கொடுப்பதே தட்சிணை என்ற மரபு இந்தியா முழுவதும் மதிப்புப் பெற்றதன் வேர் இங்கே இருக்கிறது. இன்றும் பண்ணைப் பயிற்சிகளில் “கொடுப்பதைக் கொடுங்கள்” என்று உண்டியல் வைப்பவர்கள் உண்டு.

ஆனால் இந்த மரபின் அடித்தளத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டுக்கு விலை வாங்காத பிக்குவின் திருவோட்டில் விழுந்த சோறு வேறொருவர் உழுததில் விளைந்தது. பிக்கு மண்ணைத் தோண்டக்கூடாது, செடியைச் சிதைக்கக்கூடாது என்று விநயம் விதிக்கிறது. தோண்டும் பாவத்தை இல்லறத்தான் ஏற்றுக்கொள்கிறான். கூலிக்குக் கற்பிக்காத அந்தணனுக்குப் பிரமதேயமாக ஊர்களே எழுதிவைக்கப்பட்டன. அந்த வயலில் இறங்கியவன் பெயர் செப்பேட்டில் வருவதில்லை. இலவசக் கல்விக்குப் பின்னால் எப்போதும் யாருடைய களஞ்சியமோ இருந்திருக்கிறது. ஆகவே நிலமும் மானியமும் இல்லாத ஓர் ஆசிரியர், தான் கற்பிக்கும் பெர்மாகல்ச்சருக்கு நியாயமான கட்டணம் வாங்குவது அறக்கேடு ஆகாது. கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லி வாங்குபவர், இலவசம் என்று அழைத்து மூன்று மாதம் களை பறிக்க வைப்பவரைவிட நேரியவர்.

உழவே நேரிய பிழைப்புத்தானா என்ற இன்னும் பழைய ஐயம் ஒன்று இருக்கிறது. உழவை நல்லோர் பழிக்கிறார்கள், இரும்பு முனை பொருத்திய மரம் பூமியையும் பூமியில் வாழும் உயிர்களையும் காயப்படுத்துகிறது என்று மனுநூல் சொல்கிறது. சமணத்தில் இது இன்னும் நுட்பமாக வளர்ந்தது. ரிஷபதேவர்தாம் மக்களுக்கு உழவு கற்பித்தார் என்று புராணம் சொன்னாலும், சுவேதாம்பர நூல்கள் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை வகுத்தன. காட்டை அழித்தல், மண்ணைப் பிளத்தல், நஞ்சு விற்றல், நிலத்துக்குத் தீ வைத்தல், ஏரி குளங்களை வற்றடித்தல் ஆகியவை அதில் அடக்கம். வடநாட்டுச் சமணர் பெரும்பாலும் வாணிபத்துக்குப் போனதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தொண்டை நாட்டுத் தமிழ்ச் சமணர்களோ வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உழவர்களாகவே வாழ்கிறார்கள். உழவுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி அதைத் தலைமைத் தொழிலாக வைத்த திருக்குறள் பிறந்த மொழியில் உழவைப் பழிப்பது எளிதாக இருந்திருக்காது.

அந்தப் பதினைந்தில் ஏரியை வற்றடிப்பதும் தீ வைப்பதும் இருப்பது கவனிக்கத்தக்கது. உழவினால் வரும் தீங்கை அந்த நூலாசிரியர்கள் கொழுமுனையில் மட்டும் பார்க்கவில்லை. நீர், காடு, நெருப்பு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தார்கள். பெர்மாகல்ச்சரின் பார்வை ஏறக்குறைய இதே அகலம் கொண்டது. உழாமல் விதைத்த ஜப்பானியர் மசனோபு ஃபுகுவோகாவை அந்த இயக்கம் தன் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடுகிறது. ஆண்டுப் பயிரைக் குறைத்துப் பல்லாண்டு மரத்தைக் கூட்டுவது, மூடாக்குப் போட்டு மண்ணை மூடியே வைப்பது, பெய்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துவது என்பவை அதன் அடிப்படைச் செயல்கள். முழு அகிம்சை இதிலும் இல்லை. சம உயர வரப்பு எடுக்க ஒருமுறை மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும். மோலிசன் அதற்கு மண்வாரி இயந்திரம் இறக்கவும் தயங்கியதில்லை. ஆண்டுதோறும் கீறுவதற்குப் பதில் ஒருமுறை ஆழமாகத் தோண்டிப் பிறகு விட்டுவிடுவது என்ற கணக்கு அது. சமண முனிவர் இதை ஏற்கமாட்டார். இல்லறத்துச் சமணர் ஏற்கக்கூடும்.

பயிற்சியில் முதல் நாள்களிலேயே கைக்கு வரும் கருவி ஒன்றைப் பார்த்தால் இந்தக் கல்வியின் தன்மை விளங்கும். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுவார்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் கொத்தனார் கையிலிருக்கும் தூக்குக்குண்டு போலாகிவிடும். தரையில் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் கோடு போடுவார்கள். கால்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். பிறகு சரிவில் ஒரு காலை ஊன்றி, நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போவார்கள். முளைகளைச் சேர்த்துப் பார்த்தால் சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் வளைந்து செல்லும் கோடு தெரியும். அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டால் ஓடிவரும் மழைநீர் நின்று இறங்கும். செலவு ஏறக்குறைய இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரை நாளில் கற்றுவிடுவார். இவ்வளவு எளிதாகக் கைமாறும் அறிவை எவரும் தனக்கென்று பூட்டி வைத்து நெடுநாள் விற்க முடியாது என்பதும் இதிலிருந்து தெரியும்.

ஆனாலும் சான்றிதழ்ச் சந்தை வளர்ந்தது. பயிற்சி முடித்தவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று பார்த்தால் தோட்ட வடிவமைப்பு, பண்ணை மேலாண்மை, நாற்றங்கால், பள்ளித் தோட்டம், தொண்டு நிறுவனக் களப்பணி, ஆலோசனை என்று சில வழிகள் தென்படும். எல்லாவற்றையும்விட எளிதில் கண்ணுக்குத் தெரியும் வழி, தானும் பயிற்சி நடத்துவது. மோலிசன் இதை விரும்பியே செய்தார். சான்றிதழ் பெற்றவர்தான் கற்பிக்கலாம், கற்றவர் போய் மற்றவருக்குக் கற்பிக்க வேண்டும், அப்படித்தான் இது அரசு உதவியின்றிப் பரவும் என்பது அவர் திட்டம். இரண்டு ஆண்டு களப்பணிக்குப் பிறகே பட்டயம் என்ற ஏற்பாடும் வைத்தார். முதல் பாதி பரவியது. இரண்டாம் பாதியை எல்லோரும் பின்பற்றவில்லை.

விளைவாக, மண்ணில் ஒரு பருவமும் முழுதாகப் பார்க்காதவர் அடுத்த பருவத்தில் ஆசிரியராக நிற்பதும் நேர்ந்தது. வேல்ஸ் நாட்டு மாற்றுத் தொழில்நுட்ப மையத்தில் நீண்டகாலம் பணியாற்றிய பீட்டர் ஹார்ப்பர் 2013இல் எழுதிய கட்டுரை இந்த இயக்கத்தின் போக்கைக் கடுமையாகச் சாடியது. ஆதரவாளர்கள் விளைச்சலைப் பற்றிச் சொல்லும் பெருமைகளுக்கு அளந்து வைத்த கணக்கு எங்கே என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் தங்களைப் பெர்மாகல்ச்சர் பண்ணை என்று அழைத்துக்கொள்ளும் இடங்களைப் பற்றி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றின் வருமானம் விளைபொருளோடு நிற்காமல் பயிற்சி போன்ற சேவைகளிலிருந்தும் வருவதைக் காட்டியது. பல வழி வருமானம் குற்றமல்ல. ஒரே பயிரை நம்பாதே என்பது அவர்கள் பாடமும்கூட. விளைச்சலே இல்லாமல் பயிற்சியால் மட்டும் பண்ணை ஓடும்போது நிலைமை வேறு. அங்கே பயில்பவர் கற்பது உழவுத் தொழிலை அல்ல, பயிற்சித் தொழிலை. ஆதாயத்தைக் காட்டி ஆதாயம் தேடுவது என்று பாலி நூல் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

இத்தகைய பிழைப்பை அளக்க ஒரு தமிழர் செய்து வைத்த அளவுகோல் கைவசம் உண்டு. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனில் கணக்காயராகப் பயின்று, அமெரிக்காவில் பொருளியல் படித்து, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கு உழைத்தவர். கிறிஸ்தவர். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனையைப் பற்றி ஒரு நூலும், ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று பொருள்படும் தலைப்பில் இன்னொரு நூலும் எழுதினார். இரண்டாவது நூல் இயற்கையில் காணும் பிழைப்புகளை ஐந்தாகப் பிரிக்கிறது. புலி பிற உயிரைக் கொன்று உண்பது ஒட்டுண்ணிப் பிழைப்பு. குரங்கு தான் வளர்க்காத தோப்பில் பறித்துத் தின்பது கொள்ளைப் பிழைப்பு. கூடு கட்டும் பறவையுடையது முயற்சிப் பிழைப்பு. தேனீ கூட்டத்துக்காகச் சேர்ப்பது கூட்டுப் பிழைப்பு. குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையுடையது தொண்டுப் பிழைப்பு. மனிதன் முதலிரண்டிலிருந்து கடைசி இரண்டை நோக்கி நகர வேண்டும் என்பது அவர் வாதம். பெர்மாகல்ச்சர் என்ற பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நிலைத்திருக்கும் பொருளாதாரத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதியவர் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளில், மறைந்தார். பொருளியலாளர் ஈ. எஃப். ஷூமாக்கர் 1966இல் எழுதிய பௌத்தப் பொருளியல் கட்டுரையில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். சொந்த நாட்டில் அவரைப் படிப்பவர் குறைவு.

குமரப்பாவின் அளவுகோலில் பயிற்சி நடத்துபவர் எங்கே நிற்கிறார் என்பது தொழிலின் பெயரைப் பொறுத்ததல்ல. பிறர் நூறாண்டாகக் காத்த விதையையும் பழக்கத்தையும் எடுத்துத் தன் பெயரில் விற்று நகர்பவர் குரங்கின் வரிசையில் சேர்வார். ஊரில் தங்கி, கற்றவர் நிலத்தில் மூன்றாம் ஆண்டும் போய்ப் பார்ப்பவர் தேனீயின் வரிசையில் சேர்வார்.

ஊதியமில்லா உழைப்பும் இதே தராசில் ஏற வேண்டியது. பயிற்சிப் பண்ணைகளில் தன்னார்வலர் என்ற பெயரில் சாப்பாடும் படுக்கையும் பெற்று உழைப்பவர் பலர். ஆரோவில் போன்ற இடங்களில், தனியுடைமை இல்லை என்ற பொது நெறிக்குள், அந்த உழைப்புக்குக் கர்மயோகம் என்ற பொருள் உண்டு. ஆரோவிலில் 2003இல் தொடங்கிய ‘சாதனா ஃபாரஸ்ட்’ தன்னார்வலர் கையால் தரிசைக் காடாக்கியிருக்கிறது. அங்கே நிலம் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. தனியார் பண்ணையில் அதே சொல்லைப் பயன்படுத்தினால் கதை மாறுகிறது: நிலமும் மரமும் உடைமையாளருக்கு, பலனை எதிர்பாராத கர்மம் வேலை செய்பவருக்கு. கீதையின் உபதேசம் செய்பவன் மனத்துக்குச் சொன்னது; வேலை வாங்குபவனின் கூலிக் கணக்குக்குச் சொன்னதல்ல. வேலைக்காரன் தன் கூலிக்குத் தகுதியுள்ளவன் என்று லூக்காவின் சுவிசேஷமும், வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்று நபிமொழியும் இந்த இடத்தில் ஐயமில்லாமல் பேசுகின்றன.

பயிற்சி பிழைப்பாக மாறிய இடங்களும் உண்டு. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதி அதற்கு நல்ல சான்று. மோலிசன் 1980களின் பிற்பகுதியில் இந்தியா வந்து பயிற்சி நடத்தினார். இந்தியாவில் பெர்மாகல்ச்சரை எடுத்துச் சென்றவர்களில் ஒருவரான நரசண்ணா கொப்புலா பின்னர் பத்மா கொப்புலாவோடு சேர்ந்து ‘அரண்யா’ அமைப்பை 1999இல் தொடங்கினார். 2017இல் உலகப் பெர்மாகல்ச்சர் கூடல் இந்தியாவுக்கு வந்தபோது அது நடந்தது ஹைதராபாத்திலும் ஜஹீராபாத் அருகே அவர்கள் பண்ணையிலும்தான். அதே வட்டாரத்தில் 1983 முதல் இயங்கிவரும் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் மகளிர் சங்கங்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், நிலமற்றோரும் சிறு மானாவாரி நிலக்காரரும். அவர்கள் செய்தது வேலை தேடுவதல்ல. தரிசாகக் கிடந்த சிறு நிலங்களைத் திருத்தினார்கள். நிலமில்லாதவர்கள் குழுவாகக் குத்தகை எடுத்தார்கள். சோளம், தினை, துவரை, பயறு என்று கலந்து விதைத்தார்கள். 1990களின் நடுவில் தரிசைத் திருத்த உழவர்களுக்குக் கடன் கொடுத்து, கடனைக் காசாக வாங்காமல் சோளமாக வாங்கி ஊரிலேயே சேர்த்து, பஞ்ச மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். யார் ஏழை என்பதை ஊரே கூடி முடிவு செய்தது. தேவைக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடு என்ற மூன்றாம் அறம் பயிற்சிப் பலகையிலிருந்து இறங்கிக் குதிருக்குள் போன இடம் இது.

ஜிம்பாப்வேயின் சிமானிமானி மாவட்டத்தில் சிகுக்வா மக்கள் 1990களின் தொடக்கத்தில் செய்ததும் இதற்கு நெருக்கமானது. ஊற்று வறண்டு, மழை பெய்தால் மண் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த மலைச்சரிவு அது. சம உயர வரப்பும் மரமும் வைத்தபின் ஊற்று திரும்பியது. கற்றவர்கள் பக்கத்து ஊர்களுக்குக் கற்பித்தார்கள். சம்பளச் சீட்டைக் கொண்டு அளந்தால் இரண்டு இடத்திலும் பெரிய வேலைவாய்ப்பு உருவாகவில்லை. உண்பதை வாங்கும் செலவு குறைந்தது, கடன் குறைந்தது, பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போக வேண்டிய நெருக்கடி தளர்ந்தது. வேலை மனிதனின் திறனை வளர்க்க வேண்டும், பிறரோடு சேர்ந்து செய்வதால் தன்முனைப்பைக் கரைக்க வேண்டும், வாழத் தேவையான பொருளை ஆக்க வேண்டும் என்று ஷூமாக்கர் பௌத்தத்தின் பெயரால் சொன்ன மூன்றும் இங்கே சேர்ந்தே நிறைவேறின.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவானது மண். பயிற்சிக்கு முன்பே அவர்களுக்கு நிலம் இருந்தது, அல்லது குத்தகைக்காவது கிடைத்தது. சமய நூல்கள் பிழைப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தை விட்டுவிடுவதில்லை. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை என்கிறது லேவியராகமம். செத்த நிலத்துக்கு உயிர் கொடுத்தவனுக்கே அந்த நிலம் என்கிறது நபிமொழி. அந்த நபிமொழியை நடைமுறைச் சட்டமாக வைத்துப் பார்த்தால் பெர்மாகல்ச்சர் பயின்ற நிலமற்ற இளைஞருக்கு அதைவிடப் பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் கிடையாது. மரப்பயிர் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். ஒட்டு மா காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டு, தென்னைக்கு அதற்கும் மேல். ஓராண்டுக் குத்தகையில் மரம் நடுபவன் நில உடைமையாளருக்காக நடுகிறான். ஆண்டுப் பயிரிலிருந்து மரத்துக்குப் போ என்று கற்பிக்கும் கல்வி, மரம் நட உரிமை இல்லாதவரிடம் அதைச் சொல்வதில் ஒரு போலித்தனம் இருக்கிறது.

மோலிசனுக்குக் கிடைத்த அதே ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது 2008இல் தமிழ்நாட்டின் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையருக்குக் கிடைத்தது. சர்வோதய வழியில் வந்த இருவரும், 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டுக் கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் கீழைத் தஞ்சைக்குப் போய்த் தங்கி உழைத்தார்கள். 1981இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நில உடைமையாளரிடம் பேசி விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராக, பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தார்கள். அவர்கள் சான்றிதழ் எதுவும் வழங்கவில்லை. பட்டா வழங்கினார்கள்.

பயிற்சிக்குச் சேர நினைப்பவர் முன்பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: பண்ணையின் ஆண்டு வருமானத்தில் விளைச்சலின் பங்கு எவ்வளவு, முன்பு பயின்றவர்களில் எத்தனை பேர் இன்று நிலத்தில் நிற்கிறார்கள், நிலமில்லாமல் வருபவருக்கு நீண்டகாலக் குத்தகைக்காவது வழி செய்து தருவார்களா. மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லும் பயிற்சி நிலையங்கள் மிகச் சில. அவற்றைத் தேடிப் போங்கள்.